ஜூன் மாதத்துப் படம்

ஐயா,

நீ போனில் அனுப்பிய இரண்டு படங்களும் வந்து சேர்ந்தன. பதிலையும் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் நாலு வார்த்தை பேசுவதற்குள் நீ பத்துத் தடவை "சரிம்மா, சரிம்மா" என்பாய். அந்தச் "சரிம்மா" எனக்கு இப்போது வேண்டாம். அதனால் ஞாயிற்றுக்கிழமைச் சமையலை முடித்து, உன் அப்பாவைத் தூங்க அனுப்பிவிட்டு, போன வருஷத்து டைரி ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு எழுத உட்கார்ந்திருக்கிறேன். ஊரில் உள்ளவர்கள் எல்லாம் எழுதுவதற்கு டைரி செய்து கொடுத்தே என் முதுகு வளைந்தது. அதில் நானே எழுத உட்காருவது இதுதான் முதல் தடவை. கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும், பொறுத்துக்கொள்.

அடுத்த மாதம் சென்னையில் உன் முதல் கண்காட்சி. வீடு வாசலை விட்டுப் பிழைக்க வந்தவர்களைப் பற்றி ஒன்பது படங்கள் வரைந்திருக்கிறாய். அதில் எல்லாவற்றிலும் பெரிய படம் என்னுடையது. அப்பாவின் டிரங்குப் பெட்டியில் கிடந்த பழைய டைரியிலிருந்து ஒரு போட்டோவை எடுத்து, அதைப் பார்த்து வரைந்தேன் என்றாய். இடிந்த சுவருக்கு முன்னால் குத்தவைத்திருக்கும் ஒரு பெண், மடியில் அழுகிற இரண்டு வயசுப் பிள்ளை, பக்கத்தில் துணி மூட்டை. அந்தப் பெண் நான், அந்தப் பிள்ளை நீ. "நீ வேண்டாம்னு சொன்னா மாட்ட மாட்டேன்மா, யோசிச்சுச் சொல்லு" என்று எழுதியிருந்தாய். இந்தக் காலத்தில் பெற்றவளிடம் உத்தரவு கேட்கிற பிள்ளை எத்தனை பேருக்கு வாய்க்கும்? அந்த ஒரு வரிக்காகவே அன்றைக்குக் கேசரி கிண்டினேன். உன் அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். பார்த்துவிட்டு, "இதுல நான் எங்க?" என்றார். "நீங்க டெம்போவக் கூட்டியாரப் போயிருந்தீக" என்றேன். "அது சரி. குத்தவச்சிருக்கவளுக்குத்தான் படம். டெம்போவுக்கு அலையுறவனுக்கு என்ன கெடக்கு" என்று சொல்லிக்கொண்டே கேசரியில் முந்திரியைத் தேடினார்.

பதிலைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன் அந்தப் போட்டோ எடுத்த நாளைப் பற்றி நீ தெரிந்துகொள்ள வேண்டும். உன்னிடம் இதுவரை சொன்னதில்லை. பெருமையாகச் சொல்ல அதில் ஒன்றுமில்லை என்று இருந்துவிட்டேன்.

ஏழாயிரம்பண்ணைக்குப் போகிற ரோட்டோரம் எங்கள் வீடு. வரிசையாகப் பன்னிரண்டு வீடுகள், ஒன்றுக்கும் பட்டா கிடையாது. அந்த வீட்டிலிருந்துதான் நானும் உன் அப்பாவும் பட்டாசு செய்கிற வெடி ஆபீசுக்கு வேன் ஏறுவோம். ரோட்டை அகலப்படுத்தப் போகிறோம் என்று ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். நாங்களும் சொல்லுகிறவன் சொல்லட்டும் என்று இருந்தோம். ஒரு நாள் காலையில் இயந்திரம் வந்து நின்றது. மத்தியானச் சோற்றுக்குள் பன்னிரண்டு வீடும் மண்மேடு. அன்றைக்குத்தான் நான் அழுதேன், தொண்டை கட்டுகிற அளவுக்கு அழுதேன். மறுநாள் அழவில்லை. மறுநாள் வேலை இருந்தது. சிவகாசியில் ஒரு அச்சாபீசில் அப்பாவுக்குக் கட்டிங் மெஷினில் எடுபிடி வேலை சொல்லியிருந்தார்கள், குழாய் உள்ள ஒரு அறையும் வாடகைக்குப் பார்த்தாயிற்று. குழாய் என்ற ஒரு வார்த்தைக்கே எனக்குப் பாதித் துக்கம் போய்விட்டது. குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு மைல் நடந்தவளுக்குத்தான் அது தெரியும்.

டெம்போவுக்குக் காத்திருந்தபோதுதான் அந்தப் போட்டோக்காரர் ஜீப்பில் வந்து இறங்கினார். ஏதோ ஒரு தொண்டு நிறுவனத்துக்காக வந்தவர். மரியாதையானவர், அதையும் சொல்ல வேண்டும். "அம்மா, உங்களை ஒரு படம் எடுத்துக்கலாமா?" என்று கேட்டார். என் கல்யாணத்துக்குக்கூட யாரும் என்னைப் போட்டோ எடுத்ததில்லை. ஒரு நிமிஷம் இருங்க என்று சொல்லிவிட்டு, இடியாமல் நின்ற பக்கத்துச் சுவருக்குப் பின்னால் போய், முகம் கழுவி, பவுடர் போட்டு, மூட்டையைப் பிரித்து மஞ்சள் சேலையை எடுத்துக் கட்டினேன். உனக்குத் தலைவாரி, கன்னத்தில் மைப்பொட்டு வைத்தேன். எங்களிடம் ஒரு எவர்சில்வர் குடம் இருந்தது, அதையும் துடைத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். அவர் முகம் சுருங்கிப்போயிற்று. "இல்லம்மா, நான் வந்தப்ப எப்படி இருந்தீங்களோ அப்படியே இருங்க. இந்தக் குடம் பளபளங்குது, அதை எடுத்துடலாமா? சிரிக்காதீங்கம்மா" என்றார். நானும் போய்ப் பழைய சேலையையே சுற்றிக்கொண்டு வந்தேன். குடம் சுவருக்குப் பின்னால் போயிற்று. உன் கையில் ஒரு பிஸ்கட் இருந்தது, அதையும் வாங்கி வைக்கச் சொன்னார். வாங்கினேன். நீ வீல் என்று கத்தினாய். அவர் படக்கென்று எடுத்துவிட்டார்.

உன் படத்தில் அந்தப் பிள்ளையின் அழுகையை எவ்வளவு அருமையாக வரைந்திருக்கிறாய். பார்க்கிறவன் வயிறு எரியும். ஆனால் ஐயா, நீ பசியில் அழவில்லை. பாதி தின்ற பிஸ்கட்டைப் பிடுங்கியதற்கு அழுதாய். போட்டோக்காரர் ஜீப்பில் ஏறுவதற்கு முன் ஒரு பொட்டலம் பிஸ்கட்டாகவே கொடுத்துவிட்டுப் போனார். டெம்போவில் சிவகாசி வருகிற வரைக்கும் நீ தின்றுகொண்டே வந்து, திருப்பத்தில் என் மேலேயே வாந்தியும் எடுத்தாய்.

அது பொய்ப் படம் என்று நான் சொல்ல வரவில்லை. வீடு போனது நிஜம், நாங்கள் இல்லாதவர்கள் என்பதும் நிஜம். ஆனால் அவர் கேட்ட மாதிரி நான் முகத்தை வைத்துக்கொடுத்தேன் என்பதும் நிஜம். அவர் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. நான்தான் மாட்டேன் என்று சொல்லத் தெரியாமல் இருந்தேன். படித்தவர் சொல்கிறார், அவருக்குத் தெரியாததா என்று நினைத்தேன்.

சிவகாசிக்கு வந்த பிறகு நான் பெரிய பொய்க்காரியாகிவிட்டேன். அப்பா வேலை பார்த்த அச்சாபீசிலேயே பைண்டிங்கில் எனக்கும் வேலை கிடைத்தது. காலண்டரின் மேல் விளிம்பில் தகரம் அடிப்பது, தேதித் தாள் ஒட்டுவது, டைரிக்குத் தாள் அடுக்குவது. வரிசையாகப் பத்துப் பதினைந்து பெண்கள் தரையில் உட்கார்ந்திருப்போம். எந்த ஊர், என்ன ஏது என்று கேட்பார்கள் அல்லவா? "ஊர்ல வீடு இருக்கு, கொஞ்சம் வெள்ளாமைக் காடும் இருக்கு, இவுகளுக்கு வெடி வேல ஒத்துக்கல, அதான் இங்கன வந்துட்டோம்" என்று அடித்துவிட்டேன். ஒரு தடவை சொன்ன பொய்க்குச் சோறு போட்டு வளர்க்க வேண்டியிருந்தது. தீபாவளிக்கு ஊருக்குப் போகலையா என்று கேட்டால், வீட்டுக்கு வெள்ளையடிக்கிறார்கள் என்பேன். இல்லாத வீட்டுக்கு எத்தனை தடவை வெள்ளையடித்தேன் என்று எனக்கே தெரியாது.

அந்த அச்சாபீசில்தான் நான் படம் பார்க்கக் கற்றுக்கொண்டேன். நீ ஓவியக் கல்லூரியில் கற்றதை நான் தகரம் அடித்துக்கொண்டே கொஞ்சம் கற்றேன் என்று வைத்துக்கொள். சாமி படம், குழந்தை படம், அருவி படம் என்று ஆயிரக்கணக்கில் கையில் வந்து போகும். எங்கள் ஃபோர்மேன் அண்ணாச்சி சொல்வார்: "வருசம் பூராம் வீட்டுச் செவுத்துல தொங்கப் போற படம்மா. அழுத மூஞ்சிய எவன் காசு குடுத்து மாட்டுவான்?" ஒரு வருஷம் குடிசைப் படம் ஒன்று நன்றாக ஓடியது. குடிசை வாசலில் பூச்செடி, பக்கத்தில் ஓடை, குடத்தோடு வருகிற பெண்ணுக்குக் கழுத்து நிறைய நகை, உருண்டு திரண்ட கை. அந்தக் கூரையில் ஒரு ஓலைகூட விலகியிருக்காது. நாங்கள் எல்லோரும் அதைப் பார்த்துச் சிரிப்போம், இந்தக் குடிசையில் எங்களுக்கு ஒரு ரூம் கிடைக்குமா என்று கேட்டு. அப்புறம் தொண்டு நிறுவனங்களின் ஆர்டர் வரும். அதில் எல்லோரும் சாம்பல் பூசின மாதிரி, எலும்பும் தோலுமாய், வாயில் ஈ மொய்க்க இருப்பார்கள். காலண்டர்க் குடிசைக்காரியையும் நான் எங்கள் தெருவில் பார்த்ததில்லை, இந்தச் சாம்பல் மனுஷியையும் பார்த்ததில்லை. எங்கள் தெருவில் இருந்தவர்கள் எல்லாம் குழாயடியில் சண்டை போட்டுவிட்டு, சாயங்காலம் ஒரே சட்டியில் பணியாரம் சுடுகிறவர்கள்.

அப்படிப் புது வருஷத்துக்கு முந்தின ஒரு சீசனில், ஒரு டைரி ஆர்டர் வந்தது. ஒவ்வொரு மாதத்துக்கும் முன்னால் வழவழப்பான தாளில் ஒரு கலர் படம் வைக்க வேண்டும். பன்னிரண்டு படத்துக்குப் பன்னிரண்டு பேர். எனக்குச் செப்டம்பர். எனக்கு மூன்று ஆள் தள்ளி, ஜூன் மாதத்துத் தாள் பாக்கியத்தக்காளின் கையில் இருந்தது. தண்ணீர் குடிக்க எழுந்து போனவள் அவள் பக்கம் குனிந்து பார்த்தேன். ஜூன் மாதம் நான். அடுக்கடுக்காக, முழங்கால் உயரத்துக்கு நான். கீழே "வறுமையின் முகம்" என்று போட்டிருந்தது. ஒரு முகம் என்றால் சரி, அங்கே ஆயிரம் முகம் இருந்தது. திரும்பி வந்து உட்கார்ந்து, செப்டம்பர்த் தாளை இரண்டு இரண்டாக வைத்துத் திட்டு வாங்கினேன்.

ஊரில் வீடு இருக்கிறவள், காடு இருக்கிறவள் என்று சொன்னேனே, இப்போது எல்லோரும் சிரிப்பார்களே என்பதுதான் எனக்கு அப்போது தெரிந்த ஒரே யோசனை. மத்தியானம் எல்லோரும் கைகழுவப் போனபோது, ஜூன் தாளில் கட்டுக்கட்டாக எடுத்து முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு போய், கட்டிங் மெஷினுக்கடியில் துண்டுத் தாள் கொட்டுகிற சாக்குக்குள் திணித்தேன். இரண்டு நடை. சாயங்காலமே வேஸ்ட் பேப்பர் வண்டி வந்து அள்ளிக்கொண்டு போய்விட்டது. இந்தச் சிவகாசியில் தன் முகத்தைத் தானே வேஸ்ட்டில் போட்டவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

மறுநாள் ஜூன் குறைந்தது. சீசன் நேரத்தில் மறுபடி அச்சடிக்க எந்த மெஷினும் காலி இல்லை, லோடு போக வேண்டிய நாளும் வந்துவிட்டது. அண்ணாச்சி பாக்கியத்தக்காளைப் பிடித்துக்கொண்டார். "எனக்கு வந்தது இம்புட்டுத்தான் அண்ணாச்சி, நான் என்ன திங்கவா போறேன்?" என்று அவள் எவ்வளவோ சொன்னாள். சீசன் முடிகிற வரைக்கும் வீட்டில் இரு, பிறகு பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டார். புருஷன் இல்லாமல் இரண்டு பெண்பிள்ளைகளை வைத்துக்கொண்டிருந்தவள். சீசனை நம்பித்தான் அவளுக்கு வருஷமே ஓடியது. அவள் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு போவதை நான் உட்கார்ந்த இடத்திலிருந்து பார்த்தேன். வாயைத் திறக்கவில்லை. ஒரு நாள், இரண்டு நாள் என்று எட்டு நாள் திறக்கவில்லை. நீ என்னைப் பற்றி எவ்வளவு உயர்வாக நினைத்தாலும், இந்த எட்டு நாளையும் சேர்த்தே நினைக்க வேண்டும். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

ஒன்பதாம் நாள் தாங்க முடியவில்லை. அண்ணாச்சியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மேசையில் கிடந்த ஜூன் தாள் ஒன்றை எடுத்தார். என்னைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், திரும்ப என்னைப் பார்த்தார். "இது நீயாம்மா? மெஷின்ல ஓடும்போது கலர் சரியா இருக்கான்னு நான் எத்தன தடவ இதைப் பாத்தேன். ஒன்னையும் தெனம் பாக்குறேன். எனக்குத் தெரியலையே" என்றார். அவர் நல்ல மனிதர், வேலையை விட்டு நிறுத்தவில்லை. "நீயே போயி அந்தப் பொம்பளையக் கூட்டிட்டு வா. அதுதான் ஒனக்குத் தண்டன" என்று மட்டும் சொன்னார்.

பாக்கியத்தக்காள் வீட்டு வாசலில் வத்தல் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நான் அழுதுகொண்டே சொன்னேன். அவள் வத்தலைப் புரட்டிக்கொண்டே கேட்டாள். முழுசாகக் கேட்டுவிட்டு, "எனக்குத் தெரியும்டி" என்றாள். "அந்தத் தாளு கையில வந்த அன்னைக்கே தெரியும். மூஞ்சியச் சோகமா வச்சிருக்க, ஆனா கண்ணு ஓரமா எவனையோ மொறைக்குதுல்ல? அந்த மொறைப்பு ஒனக்குத்தான் உண்டு, வேற எவளுக்கு வரும்?" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "பொறவு ஏன்க்கா சொல்லல? ஒன் வேல போச்சே." அதற்கு அவள் சொன்னாள்: "சொன்னா அம்புட்டுப் பேரும் அந்தத் தாளத் தூக்கிட்டு ஓடியாந்து ஒன் மூஞ்சியோட வச்சுப் பாப்பாளுகள்ல. இருக்கட்டும், அவளா வந்து சொல்லுவா, நாலு நா பாப்போம்னு இருந்தேன். எட்டு நா ஆக்கிட்டியேடி, களவாணி." அப்படியே என் தலையில் ஒரு குட்டு வைத்து, உள்ளே கூப்பிட்டுச் சோறு போட்டாள். அன்றிலிருந்து இன்று வரைக்கும் அவளுக்குத் தெரியாமல் என் வீட்டில் ஒரு காரியம் நடந்ததில்லை.

ஆமாம், நான் முறைத்துக்கொண்டிருந்தேன். சுவருக்குப் பின்னால் வைத்த குடத்தை எவனாவது தூக்கிக்கொண்டு போய்விடுவானோ என்று ஒரு கண் அங்கேயே இருந்தது. அந்தப் போட்டோவில் உண்மையாக என்னுடையது என்று எதையாவது சொல்ல வேண்டுமானால் அந்த முறைப்பு ஒன்றுதான். டைரி அச்சடித்த அண்ணாச்சிக்கு அது தெரியவில்லை. எழுதப் படிக்கத் தெரியாத பாக்கியத்துக்குத் தெரிந்தது.

உன் படத்தை அவளிடமும் காட்டினேன். காட்டாமல் இருக்க முடியுமா? போனைத் தள்ளிப் பிடித்து, கிட்டப் பிடித்து, தலையைச் சாய்த்துப் பார்த்தாள். "பய நல்லாத்தான் வரைஞ்சிருக்கான். கையப் பாரு, அப்படியே ஒன் கை. வெரலு முட்டிகூடத் தப்பல. ஆனா கண்ணக் கீழ போட்டுட்டானே. இது நீ இல்லடி, எவளோ ஒரு புண்ணியவதி" என்றாள். அவள் சொன்ன பிறகுதான் நானும் கவனித்தேன். போட்டோவில் ஓரமாகப் பார்க்கிற கண்ணை, நீ தரையைப் பார்க்கிற கண்ணாக மாற்றியிருக்கிறாய். அப்படி இருந்தால்தான் பார்க்கிறவர்களுக்கு இரக்கம் வரும் என்று உன் கை தானாக மாற்றியிருக்கும். கோபமில்லை எனக்கு. அந்தக் கையை வரைந்திருக்கிறாயே, அதைப் பார்த்து நான் அழுதுவிட்டேன். வெடிமருந்து பட்டுப் பிளந்த நகம், வளையல் இல்லாத மணிக்கட்டு, பிள்ளையின் இடுப்பை வளைத்துப் பிடித்திருக்கிற பிடி. இரண்டு வயசில் உன்னைப் பிடித்த பிடி உனக்கு இன்னும் ஞாபகத்தில் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். கலர் சரிபார்க்க மெஷினில் ஓட்டிக் கழித்த தாளில் ஒரு சாமி மேல் இன்னொரு சாமி அச்சாகியிருக்கும் அல்லவா, அதன் வெள்ளைப் பக்கத்தில் ஆறு வயசில் நீ ஆடும் கோழியும் வரைந்துகொண்டிருந்தாய். அந்தப் பயலா இதை வரைந்தான் என்று எனக்குக் கர்வம் தாங்கவில்லை.

இனி உன் இரண்டாவது படத்துக்கு வருகிறேன். அதில்தான் எனக்கு மனசு சரியில்லை. அதிலும் முதல் குற்றம் என்னுடையது.

பொங்கலுக்கு நீ மூன்று நாள் வந்திருந்தாய். பக்கத்து வீட்டு மினதி வாசலில் அடுப்பு வைத்துக் கிண்டிக்கொண்டிருந்தாள். ஒடிசாவில் கடலோரம் அவள் ஊர், புயலில் கடல் ஏறி, வீடு போய், நிலமும் உப்பாகி, புருஷனும் அவளும் இங்கே அச்சாபீஸ் வேலைக்கு வந்து மூன்று வருஷம் ஆகிறது. நீ படம் எடுக்கப் போனைத் தூக்கிக்கொண்டு போனாய். அவள் கையைக் காட்டி, "ஒரு நிமிசம் தம்பி" என்று சொல்லி, பிள்ளையைப் பிடித்து இழுத்து, சீப்பை எடுக்க உள்ளே திரும்பினாள். நீ சொன்னாய்: "வேண்டாம்க்கா, அப்படியே இருங்க. அதுதான் நல்லா இருக்கு." நான் கரும்பை வெட்டத் திண்டாடிக்கொண்டிருந்தேன். அந்த வார்த்தை காதில் விழுந்ததும் அரிவாள் கையில் நின்றுபோயிற்று. இத்தனை வருஷம் கழித்து அதே வார்த்தையை என் பிள்ளை வாயில் கேட்டேன். அப்போதே உன்னைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்க வேண்டும். மூன்று நாளைக்கு வந்த பிள்ளையிடம் எதற்குச் சண்டை என்று விட்டுவிட்டேன். எட்டு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தவள் திரும்பவும் ஒரு தடவை மூடிக்கொண்டாள். அதுதான் என் குற்றம்.

நேற்றுச் சாயங்காலம் மினதி வேலை முடிந்து வந்து, வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அவள் படத்தை எடுத்து அவளிடம் நீட்டினேன். புகைக்குள் ஒடுங்கிப் போன ஒரு முகம், கதவில் சாய்ந்து நிற்கிற ஒரு பிள்ளை, விலா எலும்பு எண்ணுகிற மாதிரி. இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கி, அந்தப் பிள்ளையிடமே நின்றாள். "யாரு அக்கா இது?" என்றாள். நான், "தெரியலையா?" என்றேன். "தெரியல. ரொம்ப பாவம். பாப்பாவுக்கு ஒடம்பு சரியில்லையா? எங்க இருக்காங்க, நம்ம லைன் வீடா? இன்னிக்கு நான் சோறு நெறைய ஆக்குவேன், குடுத்துட்டு வரலாம்" என்று முறத்தை வைத்துவிட்டு எழுந்துவிட்டாள். அவள் மகள், கன்னம் இரண்டும் உப்ப, வாயெல்லாம் சாக்லேட்டோடு என் சேலையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். "வெளியூரும்மா" என்று மட்டும் சொல்லிப் போனை வாங்கிக்கொண்டேன்.

ஏழையை வரையாதே என்று நான் சொல்லவே மாட்டேன். நீ வரையாவிட்டால் அந்தக் காலண்டர்க் குடிசைதான் மிஞ்சும், கழுத்து நிறைய நகையோடு. எங்களை இடித்துத் தள்ளியதையும், மினதி ஊரில் கடல் ஏறியதையும் யாராவது எழுத வேண்டும், வரைய வேண்டும். நீ வரைகிறாய் என்பதில் எனக்கு நிம்மதிதான். ஆனால் ஒருத்தி தன் படத்தைப் பார்த்து, அது வேறு யாரோ என்று நினைத்துச் சோறு எடுத்துக்கொண்டு கிளம்பினால், அந்தப் படத்தில் அவள் இல்லை என்றுதானே அர்த்தம்? அவள் சீப்பு எடுக்கப் போனாளே, அதுவும் அவள்தான். அந்த ஒரு நிமிஷம் காத்திருந்தால் என்ன குறைந்துவிடும்? தலைவாரிக்கொண்டு வந்து உட்கார்ந்தாலும் இல்லாதவள் இல்லாதவள்தான், அது எங்கேயும் ஓடிப்போகாது. பாக்கியம் மாதிரி பார்க்கக் கற்றுக்கொள் என்பதுதான் நான் உனக்குச் சொல்லக்கூடிய ஒரே புத்தி. உன் வாத்தியார்கள் இதைவிடப் பெரிதாகச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள், அதையும் வைத்துக்கொள்.

இப்போது பதில். என் படத்தை மாட்டு. கண்ணை மாற்றுவதும் மாற்றாததும் உன் இஷ்டம். நீ என் பிள்ளை, என்னை எப்படி வரையவும் உனக்குப் பாத்தியதை உண்டு. இந்த வயசில் நாலு பேர் பார்த்தால் எனக்கு வெட்கமும் இல்லை, ஊரில் வீடு இருக்கிறது என்று யாரிடமும் சொல்ல வேண்டியதும் இல்லை. ஆனால் மினதியின் படத்தை அவளுக்குத் தெரியாமல் மாட்டாதே. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி வா. அது அவள்தான் என்று நீயே உன் வாயால் அவளிடம் சொல். என்னால் முடியவில்லை. பார்த்துவிட்டு அவள் மாட்டச் சொன்னால் மாட்டு. திட்டினால் வாங்கிக்கொள். வேறு படம் வேண்டும் என்றால் அவள் புடவை மாற்றிக்கொண்டு வருகிற வரைக்கும் வாசலில் உட்கார்ந்திரு, நான் காப்பி போட்டுத் தருகிறேன்.

கண்காட்சிக்குள் வரைந்து முடிக்க முடியாவிட்டால் எட்டுப் படம் போதும். மினதி படத்துக்கு ஒதுக்கிய இடத்தில் சுவரைக் காலியாக விட்டு, கீழே எனக்கு ஒரு நாற்காலி போட்டு வை. முதல் நாளே நானும் பாக்கியமும் ரயிலேறி வருகிறோம், அவள் இப்போதே எந்தச் சேலை கட்டுவது என்று மூன்று தடவை மாற்றிவிட்டாள். என் படத்துக்கு முன்னால் நின்று யாராவது "பாவம்" என்று சொன்னால் நீ ஒன்றும் பதில் சொல்ல வேண்டாம். நான் நாற்காலியிலிருந்து எழுந்து வந்து, அது யார் என்று நானே சொல்லிக்கொள்கிறேன்.

உன் அம்மா